வெளியே போவதையும் கொஞ்சம் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கெல்லாம் பெங்களூரு லால்பாக் வாசல்களில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. எல்லாரும் நடப்பதற்காகக் காரில் வந்தவர்கள். 240 ஏக்கர் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தால் பாகற்காய், நெல்லிக்காய், கற்றாழை, அருகம்புல் என்று சாறு விற்பவர்கள் காத்திருப்பார்கள். காகிதக் கப்பில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கி ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கும் தொட்டியின் மேல் வைத்துவிட்டு, அப்படியே எம்.டி.ஆர். ஓட்டல் வரிசையில் போய் நிற்பார்கள். அங்கே நெய்யில் முறுகிய மசால் தோசை. தோசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கப்பைப் பற்றித்தான் பேச்சு.

இயற்கை வாழ்வு என்று நம்மிடையே உலவும் அறிவுரைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் வெந்நீர் குடி, சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறு, அரிசியைக் குறைத்துச் சாமையும் தினையும் சாப்பிடு, செக்கு எண்ணெய் வாங்கு, மண்பானையில் தண்ணீர் வை. எல்லாமே வாய்க்குள் போகிற சமாச்சாரம். அதே வீட்டிலிருந்து குப்பையாகவும் சாக்கடையாகவும் வெளியே போவதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. சாமைக்கும் தினைக்கும் நான் எதிரியில்லை. ஆனால், பெங்களூரு போன்ற ஊரில் இயற்கையோடு இசைந்து வாழ விரும்புகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது, தன் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போவதைத்தான் என்பது என் கட்சி. இந்த ஊரில் வெளியே போவதெல்லாம் சுற்றி வளைத்துக்கொண்டு திரும்ப வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதைக் கண்கூடாகப் பார்த்துவிட்டோம்.

பாடப்புத்தகத்தில் ஒரு பெயர்

வேளாண்மை படிக்கும் மாணவர்களைக் கேட்டால் ‘பெங்களூர் முறை’ என்று ஒன்றைச் சொல்வார்கள். 1939-ல் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆச்சார்யா வகுத்த, நகரக் குப்பையை உரமாக்கும் முறை அது. ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். ஊரில் சேர்ந்த குப்பை ஓர் அடுக்கு, மனிதக் கழிவு ஓர் அடுக்கு, மறுபடியும் குப்பை என்று நிரப்பி, மேலே மண் போட்டு மூடிவிட வேண்டியதுதான். நடுவில் கிளற வேண்டாம். சில மாதம் கழித்துத் திறந்தால் வயலுக்குப் போட எரு தயார். அதற்கு முன்பே இந்தோரில் ஆல்பர்ட் ஹோவர்ட் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். அதில் குவியலை அவ்வப்போது புரட்டிப்போட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், அதற்கெல்லாம் ஆள் வேண்டும். தண்ணீரும் ஆளும் குறைந்த ஊர்களுக்குப் பெங்களூர் முறை தோதாக இருந்தது. நாடு முழுக்க வேளாண் பாடங்களில் இன்றும் அது இருக்கிறது.

குப்பையை மண்ணாக்கும் வித்தைக்கே தன் பெயரைக் கொடுத்த ஊர். மென்பொருளால் கிடைத்த பெயரைவிட இதற்குத்தான் நாம் அதிகம் பெருமைப்பட்டிருக்க வேண்டும். 1975-ல் நகரக் குப்பையிலிருந்து உரம் தயாரிக்கவே கர்நாடக அரசு ஒரு கழகத்தையும் தொடங்கியது. ஆனால், அதற்குப் பிறகு வந்த குப்பை வேறு ரகம். ஆச்சார்யா காலத்துக் குப்பையில் சாம்பலும் சருகும் காய்கறித் தோலும் இருந்தன. நம் காலத்தில் அதே தோல், பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தது. உள்ளே உடைந்த பல்பும் டயாப்பரும் இருந்தன. அதை எந்தக் குழியில் போட்டு எந்த மண்ணால் மூடினாலும் எருவாகாது. லாரி லாரியாக ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது ஒன்றே வழி என்று ஆயிற்று.

கொட்டிய இடத்திலும் மனிதர்கள் இருந்தார்கள். எலஹங்கா பக்கத்து மாவள்ளிபுராவிலும், பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொஸ்கோட்டே போகும் வழிப் பக்கத்து மண்டூரிலும் குப்பை மலையாக வளர்ந்தது. கிணற்று நீர் கெட்டது, ஈ மொய்த்தது, மழை வந்தால் கறுப்பாக ஒரு கசிவு வயலில் இறங்கியது. 2012-ல் மாவள்ளிபுரா மூடப்பட்டதும் பெங்களூரு தெருக்களில் குப்பை நாள்கணக்கில் கிடந்து நாறியது. ‘பூங்கா நகரம்’ என்று பெயர் வாங்கிய ஊரை ‘குப்பை நகரம்’ என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியது அப்போதுதான். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தருவது கட்டாயம் என்று மாநகராட்சி அறிவித்தது. மண்டூர் மக்கள் லாரிகளை மறித்து மறித்துப் போராடி, கடைசியில் 2014 டிசம்பரில் அங்கே குப்பை போவது நின்றது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லாருக்கும் ஒரே கணக்காகச் சொன்னது: வீட்டுக்கு இரண்டு வாளி, ஒரு பை. மக்குவதற்குப் பச்சை வாளி, நாப்கின் டயாப்பர் போன்றவற்றுக்குச் சிவப்பு வாளி, காய்ந்த குப்பைக்குப் பை. மறு ஆண்டு வந்த மத்திய அரசின் விதிகளும் மூன்றாகப் பிரிப்பதை நாடு முழுவதற்கும் சட்டமாக்கின.

சட்டம் வந்து இத்தனை காலமாகியும் தெருமுனைக் குவியல் ஒழியவில்லை. 2025 அக்டோபர் கடைசியில், தெருவில் குப்பை கொட்டியவர்களை வீடியோவில் கண்டுபிடித்து, அவர்கள் வாசலிலேயே குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டத் தொடங்கியது நகர நிர்வாகம். அவமானப்படுத்தித் திருத்துவது எனக்கு உவப்பான வழியில்லை. ஆனால், அந்த வீட்டுக்காரர்கள் கேமரா முன் காட்டிய திகைப்பு பார்க்க வேண்டிய ஒன்று. கொட்டிய பொருள் திரும்பி வரும் என்று அவர்கள் வாழ்நாளில் நினைத்ததில்லை.

பானைக்குள் தெரியும் சமையலறை

2006-ல் பூனம் பீர் கஸ்தூரி என்ற வடிவமைப்பாளர் ‘டெய்லி டம்ப்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். குயவர்களை வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் மூன்று சுடுமண் பானைகளைச் செய்யவைத்தார். பானையின் பக்கவாட்டில் காற்றுக்குத் துளைகள், மேலே ஒரு மூடி. பால்கனியில் வைத்தால் குப்பைத் தொட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பானை அடுக்குக்கு வைத்த ‘கம்பா’ என்ற பெயர் இன்று பெங்களூருவின் அடுக்ககங்களில் பழகிவிட்டது. அதே வேலையைத் துளை போட்ட பெயின்ட் வாளியிலும் செய்யலாம், பலர் செய்கிறார்கள்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. அன்றைய காய்கறித் தோல், கீரைத் தண்டு, டீத்தூள், முட்டை ஓட்டை மேல் பானையில் போட வேண்டியது. அதன் மேல் இரண்டு கைப்பிடி காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ தூவ வேண்டியது. முதல் முறை கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கும். பானை நிறைந்தால் கீழே இறக்கிவிட்டு அடுத்ததை மேலே ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கீழ்ப்பானையில் இருப்பது, மழை பெய்த மண்ணின் வாசனையோடு கறுப்பாக உதிரும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்று போகவில்லை என்று பொருள். இன்னொரு பிடி சருகு போதும். கையை நெருக்கிக் கொண்டுபோனால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். சில வீடுகளில் கொழுத்த வெளிர்ப் புழுக்களைப் பார்த்ததும் பானையையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது கறுப்பு நிற ஈ ஒன்றின் புழு. வீட்டு ஈபோல நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. குப்பையை நுண்ணுயிர்களைவிட வேகமாகத் தின்று தீர்த்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் விருந்தாளி வரும்போது மூடியைத் திறந்து காட்ட வேண்டாம்.

இதனால் ஊருக்குக் கிடைக்கும் லாபம் தெரிந்த கதை. வீட்டுக் குப்பையில் பாதிக்கும் மேல் மக்கும் ரகம். அது கிடங்குக்குப் போய்க் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் கிளம்பும். நான் சொல்ல வருவது வீட்டுக்குக் கிடைக்கும் லாபம். குப்பையைப் பிரிக்கத் தொடங்கிய வீட்டில், அந்த வீடு என்ன சாப்பிடுகிறது என்ற கணக்கு, யாரும் எழுதாமலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பச்சை வாளி கனக்கிற வாரம் அடுப்பு எரிந்த வாரம். பை உப்புகிற வாரம் செல்பேசியில் சமைத்த வாரம். சிப்ஸ் உறை, நூடுல்ஸ் உறை, சாஸ் பொட்டலம், பிரியாணி வந்த கறுப்பு டப்பா, அதைச் சுற்றி வந்த இன்னொரு பை. பானைக்குள் போகாத பொருள்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினால், மருத்துவர் கேட்கிற “என்ன சாப்பிடறீங்க?” என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதிலைவிட நேர்மையான பதில் அங்கே கிடக்கும்.

2024 மே மாதம் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், இந்தியாவின் நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவுமுறையோடு தொடர்புடையது என்று சொல்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான, சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஒருவர் நாளொன்றுக்குக் கீரையும் காயுமாக 400 கிராம், பழம் 100 கிராம் சாப்பிட வேண்டும் என்பது ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. நாலு பேர் இருக்கிற வீட்டில் அப்படியானால் தினமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய் நறுக்கப்பட வேண்டும். தோலும் காம்பும் நாருமாகக் கால் கிலோவாவது பச்சை வாளியில் விழ வேண்டும். உங்கள் வாளியில் விழுகிறதா? கலோரி எண்ணும் செயலி எதுவும் இவ்வளவு எளிதாக விஷயத்தைச் சொல்லாது.

பெங்களூருவில் இந்த வாளி கனத்து வழிகிற பருவம் ஒன்று உண்டு. மார்கழி, தை மாதங்களில் அவரேகாய் வரும். பனி இறங்கிய காயில் தனி மணம் இருக்கும். அந்த மணம் இல்லாவிட்டால் கிழவிகள் வாங்க மாட்டார்கள். காந்தி பஜாரிலும் மல்லேஸ்வரத்திலும் சாக்கை விரித்துக் குவித்திருப்பார்கள். இரண்டு கிலோ வாங்கிவந்தால் மாலை முழுக்க உரிக்கிற வேலை. உரித்த கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் பிதுக்கித் தோலை நீக்கி எடுத்தால், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பிதுக்குப் பருப்பு என்கிறார்களே, அது. இங்கே ஹிதகிபேளே. சாறு வைத்து ராகிக் களியோடு சாப்பிட்டால் அன்று இரவு வேறு எதுவும் வேண்டாம். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, மாமியார், மருமகள், பேரன் என்று எல்லாரும் ஒரு முறத்தைச் சுற்றி உட்கார்ந்து பிதுக்குகிற வீடுகளை அல்சூர்த் தமிழர்களிடத்திலும் பார்த்திருக்கிறேன். ராகியிலோ 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து. இந்தியாவில் விளையும் ராகியில் பாதிக்கும் மேல் கர்நாடகத்தில் விளைகிறது. இந்த ஊரில் சிறுதானிய வாழ்வுக்குப் பயிற்சி வகுப்பு எதற்கு என்று தோன்றும்.

இப்போது பிதுக்கிய பருப்பே பிளாஸ்டிக் தட்டில் படலம் ஒட்டிப் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வருகிறது. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், பத்து நிமிட விநியோகத்தில் காய்கறியைவிடப் பிஸ்கட்டும் குளிர்பானமும்தான் சுலபமாக வருகின்றன. தெருமுனைவரை நடந்துபோய், கீரைக்காரம்மாவிடம் “இன்னைக்கு என்ன சொப்பு?” என்று கேட்டு, சப்பசிகேயோ தண்டுக்கீரையோ பொன்னாங்கண்ணியோ கையில் கட்டாக வாங்கி வருவது, நடையும் ஆயிற்று, கீரையும் ஆயிற்று, பையும் மிச்சம் என்று ஒரே கல்லில் மூன்று மாங்காய். தோட்டக்கலை அறிஞர் எம்.எச்.மரிகௌடாவின் முயற்சியில் 1959-ல் உருவான விவசாயிகள் கூட்டுறவின் ஹாப்காம்ஸ் கடைகள் ஒருகாலத்தில் பேட்டைக்குப் பேட்டை இருந்தன. அவை ஒவ்வொன்றாக மங்குவதைப் பார்த்துக்கொண்டு, உடற்பயிற்சிக் கூடத்துக்கு மட்டும் சந்தா கட்டுகிறோம்.

நுரை போகும் வழி

திடக் குப்பையாவது கண்ணுக்குத் தெரிகிறது. சாக்கடை தெரிவதில்லை. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு சாக்கடையாக வெளியே போகிறது என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. இந்த ஊருக்குக் காவிரி 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததும், ஒரே வாரத்தில் எல்லாருக்கும் ஈரத்துணியால் கார் துடைக்கத் தெரிந்துவிட்டது. குழாயில் நுரைப்பான் மாட்டவும், வாளியில் குளிக்கவும் ஊர் கற்றுக்கொண்டது. மழை வந்ததும் மறந்தது.

தண்ணீரோடு போகும் சோப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நகரின் சாக்கடையில் ஒரு பெரிய பங்கு தென்கிழக்கே பெள்ளந்தூர் ஏரிக்குப் போகிறது. சுமார் 900 ஏக்கர் ஏரி. சலவைத் தூளும் பாத்திர சோப்பும் கழிவோடு கலந்து அங்கே சேர்ந்து, மதகில் விழும்போது வெள்ளையாக நுரைத்து, காற்றடித்தால் சாலையில் போகிறவர்கள் முகத்தில் பறக்கும். 2015-லும் 2017-லும் 2018-லும் அந்த ஏரி தீப்பிடித்தே எரிந்தது. ஏரித் தண்ணீர் அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பிறகு தட்சிண பினாகினிக்கும் இறங்குகிறது. அதற்குத் தமிழ்நாட்டில் தென்பெண்ணை என்று பெயர். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் மலை மலையாக நுரை எழும்பி நிற்பதும், தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நிற்பதும் நம் நாளிதழ்களில் ஆண்டுதோறும் வரும் படம். அந்த நுரையில் ஒரு பங்கு நம் வீட்டு வாஷிங் மெஷினிலிருந்து போனது. அணைத் தண்ணீரில் ஓசூர் வட்டாரத்தில் விளைகிற முட்டைக்கோஸும் தக்காளியும் கொத்தமல்லியும் மடிவாளா சந்தை வழியாக நம் வீட்டுக்கு வருகின்றன.

இன்னொரு பக்கம், 2018 முதல் கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கழிவுநீரை இரண்டு கட்டமாகச் சுத்திகரித்து, வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பும் திட்டம் நடக்கிறது. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும், விவசாயம் நடக்கும். நல்ல திட்டம்தான். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் வேண்டும் என்று அங்கே விவசாயிகள் கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தான். கோலார்த் தக்காளி யார் வீட்டு ரசத்துக்கு வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே தென்பெண்ணை பிறப்பது நந்தி மலையில். 1927-ல் ரத்தக்கொதிப்பால் தளர்ந்துபோன காந்தி, ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம்வரை அங்கேதான் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டார். இயற்கை வைத்தியத்தில் அவருக்கிருந்த பிடிப்பை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். ஆட்டுப்பால், உப்பில்லாச் சாப்பாடு, மண்பட்டி. ஆசிரமத்தில் கழிவறை சுத்தம் செய்வதை ஒவ்வொருவரின் அன்றாட வேலையாகவும் வைத்து, கழிவை மண்ணால் மூடி எருவாக்கவும் சொன்னவர் அவரே. அவரிடமிருந்து நம் இயற்கை வாழ்வுக்காரர்கள் எடுத்துக்கொண்டது முதல் பாதியை மட்டும்.

சோப்பு விஷயத்தில் செய்யக்கூடியது சின்ன வேலைதான். சலவைத் தூளை அளவுக்கரண்டியில் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போய்வரும் துணியில் அவ்வளவு அழுக்கு இல்லை. பாஸ்பேட் இல்லாத தூள் கிடைக்கிறது. பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீர் பட்டுக்கும் பருத்திக்கும் நன்றாகவே வேலை செய்யும், தலைக்குச் சீயக்காய் இருக்கிறது. பெங்களூருவில் இப்போது ‘பயோ என்சைம்’ மோகம் பலமாக இருக்கிறது. சாத்துக்குடி, எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்து பங்கு போட்டு மூன்று மாதம் புளிக்கவைக்கும் திரவம். தொடக்கத்தில் தினமும் மூடியைத் திறந்து காற்று விட வேண்டும், மறந்தால் பாட்டில் வெடிக்கும். தரை துடைக்கவும் கழிவறை கழுவவும் அருமையானது. ஆனால், அதை ஊற்றினால் ஏரி சுத்தமாகும், ஊற வைத்துக் குடித்தால் புற்றுநோய் போகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். அது லேசான புளிப்புத் தண்ணீர், அவ்வளவே. அதன் பெருமை, அது இருக்கும் இடத்தில் அமிலமும் பினாயிலும் இல்லாமல் போவது.

யார் செய்வது?

இந்த இடத்தில் நியாயமான கோபம் ஒன்று எழும். ஸ்ரீராம்புரத்திலும் லிங்கராஜபுரத்திலும் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் மூன்றடுக்குப் பானையை எங்கே வைப்பது? வைக்க வேண்டாம். பிரித்துக் கொடுத்தாலே அவர்கள் பங்கு முடிந்தது. மிச்சத்தை வார்டு செய்ய வேண்டும். இடமும் மொட்டைமாடியும் காரும் உள்ளவர்கள் செய்யாமல், இல்லாதவர்களுக்குப் பாடம் எடுப்பது அயோக்கியத்தனம்.

இன்னொன்று, இவை எல்லாம் கடைசியில் பெண்கள் தலையில்தான் விழும். அவரேகாய் பிதுக்குவதும் பானையைக் கிளறுவதும் பூந்திக்கொட்டை ஊறவைப்பதும் என்று வேலைப் பட்டியல் நீண்டால், அந்த வீட்டில் இயற்கை வாழ்வு மூன்று மாதம் தாங்காது. வீட்டில் யார் சமைப்பதில்லையோ அவர் பானையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்தவரை, ஓய்வுபெற்ற ஆண்களுக்கு இதில் வந்துவிடுகிற ஈடுபாடு தனி. நாளிதழ் படிப்பதுபோலக் காலையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்த பிளாட்காரரோடு சருகு அளவைப் பற்றி விவாதத்தில் இறங்கிவிடுவார்கள்.

நாம் பிரிக்காவிட்டால் யார் பிரிக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். விடியும் முன் துடைப்பத்தோடு இறங்கும் பௌரகார்மிகர்கள் என்ற துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள். வெறும் கையால் அவர்கள் தொட்டுப் பிரிக்கிற பைக்குள் நம் வீட்டு நாப்கினும் சவரப் பிளேடும் இருக்கின்றன. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி அதன் மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள், தொடுகிறவருக்கு எச்சரிக்கையாக இருக்கும் என்று இந்த ஊர்த் தன்னார்வலர்கள் ஓர் இயக்கமே நடத்தினார்கள். அரை நிமிட வேலை. உடம்புக்கு நல்லது தேடும் பட்டியலில் அடுத்தவர் உடம்புக்கு நல்லதும் இருக்க வேண்டும் என்றால், முதலில் இந்தச் சிவப்புப் புள்ளியிலிருந்து தொடங்கலாம். பொறுக்கிப் பிழைக்கிற தொழிலாளர்களை ‘ஹசிரு தளா’ போன்ற அமைப்புகள் திரட்டியதால், அவர்களில் பலர் இன்று வார்டுகளின் காய்ந்த குப்பை மையங்களை நடத்துகிறார்கள். நாம் பிரித்துக் கொடுத்தால் அவர்களுக்கு அது வருமானம், கலந்து கொடுத்தால் காயமும் நோயும்.

காயைப் பற்றியும் ஒரு சந்தேகம் வரும். 2023-ல் கர்நாடக அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான எம்ப்ரி, பெங்களூரு கடைகளில் விற்கும் காய்கறிகளில் கன உலோகங்கள் அளவுக்கு மீறி இருப்பதாகச் சொன்னது. அப்படியானால் 400 கிராம் எப்படிச் சாப்பிடுவது? காயை விட்டுவிட்டுப் பிஸ்கட்டுக்குப் போவது இதற்கு விடையாகாது. தண்ணீரில் என்ன கலக்கிறோம் என்ற முந்தைய கேள்விக்குத்தான் இதுவும் கொண்டுபோய் விடுகிறது. தொழிற்சாலைக் கழிவைத் தடுப்பது அரசின் வேலை, அதை விடாமல் கேட்க வேண்டும். கூடவே, முடிந்த வீடுகளில் கீரையாவது நம் மாடியில் விளையட்டும். வேளாண் விஞ்ஞானி பி.என்.விஸ்வநாத் இந்த ஊரில் மாடித் தோட்டத்தைப் பல ஆயிரம் வீடுகளுக்குக் கொண்டுபோனவர். 2011-ல் தொடங்கிய ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ சந்தையில் விதையும் நாற்றும் வாங்கக் கூட்டம் நெரிகிறது. தண்டுக்கீரை விதையைத் தூவினால் நாலு வாரத்தில் பறிக்கலாம். பானையிலிருந்து இறங்கும் கறுப்பு மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கத்தரிக்காயும் தக்காளியும் மாடியில் போட்டு வீட்டுத் தேவையைச் சமாளித்துவிடலாம் என்று கனவு காண வேண்டாம். கீரை, கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய் போதும்.

நகரம் செய்ய வேண்டியவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கிறேன், பெரிய செலவில்லாத ஒன்று. பானை வைத்த எந்த வீட்டையும் கேளுங்கள், அவர்களுக்குத் தட்டுப்பாடு காய்கறித் தோலுக்கு இல்லை, சருகுக்குத்தான். அதற்காகப் பொள்ளாச்சியிலிருந்தும் தும்கூரிலிருந்தும் லாரியில் வரும் தேங்காய் நார்த்தூளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். 1980-களில் எஸ்.ஜி.நெகின்ஹாள் என்ற வன அதிகாரி இந்த நகரத் தெருக்களில் நட்டு வளர்த்த மரங்கள் மட்டுமே 15 லட்சம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அவை கொட்டும் சருகைக் கூட்டி, ஒன்று குப்பை லாரியில் ஏற்றுகிறார்கள், இல்லாவிட்டால் சாலையோரத்திலேயே கொளுத்துகிறார்கள். கொளுத்துவது சட்டப்படி குற்றம். கூட்டுகிற பெண்மணிக்கு வேறு வழியில்லை. அவருக்குச் சாக்குப் பை கொடுத்து, ஒவ்வொரு வார்டிலும் பூங்காவின் ஒரு மூலையில் கம்பிவலைக் கூண்டு ஒன்றை வைத்து, சருகை அதில் கொட்டச் சொன்னால் போதும். வேண்டியவர்கள் வந்து அள்ளிக்கொள்வார்கள். மிச்சம் அங்கேயே மக்கும். சில பேட்டைகளில் குடியிருப்போர் சங்கங்களே இதைச் செய்துகாட்டிவிட்டன. வரும் சருகுக் காலத்துக்கு முன்னால் எல்லா வார்டுகளுக்கும் இதை உத்தரவாகப் போட்டுவிடலாம்.